பட்டா இல்லாதவர்களின் புயல்

2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையேறியது. விடிவதற்குள் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியைச் சாய்த்துப் போட்டுவிட்டது. கறம்பக்குடி, கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல், ஆலங்குடி எல்லாம் கடற்கரை ஊர்கள் அல்ல. புயல் என்றால் அது நாகப்பட்டினத்துச் சங்கதி என்று நினைத்துப் படுத்தவர்கள்தான் அங்கே அதிகம். காலையில் எழுந்து பார்த்தால் தென்னையும் பலாவும் தேக்கும் மின்கம்பமும் ஒரே திசையில் தலைசாய்த்துக் கிடந்தன.

ஒவ்வொரு நவம்பரிலும் கஜாவை நினைவுகூரும்போது ஒரே படம்தான் கண்முன் வருகிறது. வேரோடு சாய்ந்த தோப்பு, அதன் நடுவே தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் விவசாயி. அந்தப் படம் பொய்யில்லை. தென்னங்கன்றைத் ‘தென்னம்பிள்ளை’ என்று அழைக்கும் மண் இது. வைத்து, நீர் வார்த்து, காய்ப்புக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, அதை நம்பி மகளுக்குக் கல்யாணமும் மகனுக்குப் படிப்பும் கணக்குப் போட்டவரின் துயரத்தைக் குறைத்துப் பேச நாம் வரவில்லை. நெடுவாசலில் 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக உட்கார்ந்த அதே விவசாயிகள்தான் இவர்கள். அந்தப் போராட்டத்தில் நாமும் உடன் நின்றோம். ஆனால் அந்தப் படத்துக்குள் வராமல் போன ஓர் ஆள் உண்டு. அவரைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தென்னந்தோப்பு என்பது மரங்கள் மட்டுமல்ல. காய் பறிக்க ஆள் வேண்டும். பறித்த காயைப் பொறுக்கிச் சுமக்க, மட்டை உரிக்க, களத்தில் கொப்பரை உடைத்துக் காயவைக்க, கீற்று முடைய, கயிறு திரிக்க என்று ஒரு தோப்பைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள் அடுப்பு எரிக்கும். கீரமங்கலம் பக்கத்தில் பூ வேறு. விடியுமுன் மல்லிகையும் முல்லையும் பறித்து எடைபோட்டுக் கூலி வாங்குகிற பெண்கள் ஏராளம். இந்த வேலைகளைச் செய்பவர்களில் பெரும் பகுதியினர் நிலமற்றவர்கள். நிலமற்றவர்களில் பெரும் பகுதியினர் தலித் மக்கள். மரம் விழுந்தபோது இவர்களுடைய வேலையும் சேர்ந்து விழுந்தது. சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றச் சில வாரம் கூலி கிடைத்தது. அதன்பிறகு, புதுக்கன்று வளர்ந்து காய்க்கிற வரை?

அரசு அறிவித்த நிவாரணத்தைப் பார்ப்போம். விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய். அதில் 600 ரூபாய் மரத்துக்கு, 500 ரூபாய் வெட்டி அகற்றுவதற்கு. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கொண்டால் 1,92,500 ரூபாய் வரும். முழுதாக இடிந்த குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதத்துக்கு 4,100 ரூபாய். தென்னைக்குக் கொடுத்தது போதாது என்று விவசாயிகள் சொன்னார்கள், அது உண்மைதான். தமிழ்நாடு அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டதற்கு ஒன்றிய அரசு கொடுத்தது அதில் பத்தில் ஒரு பங்குதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். டெல்லி தமிழ்நாட்டை எப்படி நடத்துகிறது என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் தமிழ்நாடு தன் சேரியை எப்படி நடத்துகிறது என்பதற்கான சான்று இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. மரத்துக்கு விலை உண்டு, குடிசைக்கு விலை உண்டு, அந்த மரத்தில் ஏறியவரின் ஐந்தாறு ஆண்டு வேலைக்குப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை.

இது யாரோ ஓர் அதிகாரி மறந்துபோனதால் நேர்ந்ததல்ல. நம் பேரிடர் நிவாரணம் முழுவதும் சொத்தின் மேல் கட்டப்பட்டது. என்ன இழந்தாய் என்று கேட்பதற்கு முன்பே எது உன் பெயரில் இருந்தது என்று கேட்கிறது. கிராம நிர்வாக அலுவலர் வரும்போது கையில் வைத்திருப்பது சிட்டா, அடங்கல். அதில் பெயர் உள்ளவருக்கு இழப்பு உண்டு. குத்தகைக்கு உழுபவர்? குத்தகையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது; ஆனால் வாய்ப்பேச்சாகவே நடக்கும் குத்தகைகள்தான் இன்றும் ஏராளம். பதிவு செய்யக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே உழுதவருக்கு நட்டம், பெயர் வைத்திருப்பவருக்கு நிவாரணம். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டபோதும் பயிர் நிவாரணம் ஏக்கர் கணக்கில்தான் வந்தது. ஏக்கர் இல்லாதவருக்கு வறட்சியும் இல்லை என்றுதானே பொருள்?

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் தலித் மக்கள் ஐந்தில் ஒரு பங்கு. அவர்கள் கையில் உள்ள சாகுபடி நிலமோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புதுக்கோட்டையில் இதற்கு ஒரு தனிக்கதையும் உண்டு. 1892இல் சென்னை மாகாண அரசு தலித் மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை போட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று பேசுவது அதைத்தான். அறந்தாங்கிப் பக்கம் அப்போது ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. ஆனால் இன்றைய மாவட்டத்தின் பெரும்பகுதி தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அது 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணையும்வரை மாகாண ஆட்சிக்கு வெளியேதான் இருந்தது. ஆகவே இங்கே பல ஊர்களில் “எங்கள் பஞ்சமி நிலம் எங்கே” என்று கேட்கக்கூட ஒரு காகிதம் கிடையாது. பறிபோன நிலத்தை மீட்கப் போராடலாம்; கொடுக்கப்படாத நிலத்துக்கு என்ன செய்வது?

சமஸ்தான வரலாற்றைப் புரட்டினால் பேரிடருக்குப் பஞ்சமில்லை. பெரிய ஆறு எதுவும் வற்றாமல் ஓடாத வறண்ட நிலம். வெள்ளாறும் அக்னியாறும் மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். காவிரித் தண்ணீர் கல்லணைக் கால்வாய் வழியாக மாவட்டத்தின் ஒரு மூலைக்குத்தான் வருகிறது, அதுவும் கடைமடையாக. மற்றதெல்லாம் வானத்தையும் கண்மாயையும் நம்பிய பூமி. ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய், குளங்கள் உள்ள மாவட்டம் இது என்று பெருமையாகச் சொல்வோம். அந்தக் கண்மாய்களைக் காத்தவர்கள் யார்? தமிழ்நாட்டின் கண்மாய்ப் பகுதிகளில் மடை திறக்கவும் வயலுக்கு நீர் பிரித்து விடவும் இருந்த நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தலித்துகள். வெள்ளம் திரண்டு கரை உடையப்போகும் இரவில் கலிங்கைப் பார்க்கவும் மடைக்குள் இறங்கவும் அனுப்பப்பட்டவர்கள் அவர்கள்தான். மடை திறந்தவனின் பெயர்தான் வசைச்சொல்லாயிற்று என்று நம் தோழர்கள் மேடையில் சொல்வதுண்டு. சொற்பிறப்பு பற்றி அறிஞர்கள் சண்டையிட்டுக் கொள்ளட்டும். ஆயக்கட்டில் நிலமில்லாத ஒருவர் ஆயக்கட்டு முழுவதற்கும் நீர் பாய்ச்சினார் என்பதில் சண்டை ஏதுமில்லை.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் புதுக்கோட்டையையும் விடவில்லை. பஞ்சத்தின் முடிவில், 1878இல், சேஷையா சாஸ்திரி சமஸ்தானத்தின் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். அவர் குளங்களைச் சீரமைத்ததும் புதுக்குளம் வெட்டியதும் புதுக்கோட்டை நகர வரலாற்றில் தவறாமல் எழுதப்படுகின்றன. மண் சுமந்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. பஞ்சத்தில் சமஸ்தானத்தை விட்டே நடந்து போனவர்களின் பெயரும் இல்லை. திருச்சி, மதுரை, சேலம் பகுதிகளோடு புதுக்கோட்டையும் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய பகுதி. தொண்டிக்கும் அம்மாபட்டினத்துக்கும் நடந்து, தோணியேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகக் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. போனவர்களில் தலித்துகள் கணிசம். நிலம் உள்ளவனைப் பஞ்சம் கடனாளியாக்கியது, நிலமில்லாதவனை நாட்டை விட்டே துரத்தியது. நூறாண்டு கழித்து அந்த வம்சாவளியினர் பலர் கலவரத்துக்கும் போருக்கும் தப்பித் தமிழ்நாட்டு அகதி முகாம்களுக்குத் திரும்பினார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் தோப்புக்கொல்லையிலும் லேணாவிளக்கிலும் அழியாநிலையிலும் இன்றும் முகாம்கள் இருக்கின்றன. பட்டா இல்லாமல் போனவர்களுக்குத் திரும்பி வந்த இடத்திலும் பட்டா இல்லை.

புயல்களின் பட்டியலும் நீளம்தான். 1952 நவம்பர் இறுதியில் நாகப்பட்டினத்தில் ஒன்று. மூன்றே ஆண்டுகளில், 1955இல், அதிராம்பட்டினத்தை அடுத்த இராஜாமடத்தில் இன்னொன்று. கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் அருகே கரையேறிய புயல் தஞ்சை, திருச்சி மாவட்டங்களையும், உருவாகி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த புதுக்கோட்டை மாவட்டத்தையும் உலுக்கியது. 560 பேர் இறந்தார்கள், பத்து லட்சம் பேர் வீடிழந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. அந்தப் பத்து லட்சத்தில் எத்தனை கூரை வீடு, எத்தனை காரை வீடு? வீடிழந்தவர் எந்தத் தெருக்காரர்? அப்படிப் பிரித்து எழுதும் வழக்கம் அரசுக்கு இல்லை. இன்றும் இல்லை.

“புயலுக்குச் சாதி தெரியுமா?” என்று நம்மிடம் கேட்கிறார்கள். புயலுக்குத் தெரியாது. ஆனால் புயல் வரும்போது யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்பதைப் புயல் முடிவு செய்வதில்லை. பல ஊர்களில் ஊர் மேட்டிலும் சேரி பள்ளத்திலும், கலிங்குக்குக் கீழேயும், ஓடைப் புறம்போக்கிலும் இருப்பது எந்தக் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் செய்த ஏற்பாடு? நிலம் கிடைக்காதவர் புறம்போக்கில் குடிசை போடுகிறார். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர் வீடு. வெள்ளம் வடிந்ததும் நீர்நிலை ஆக்கிரமிப்பாளர் என்று முதல் நோட்டீஸ் வருவதும் அவருக்குத்தான். கஜா அன்று தஞ்சை மாவட்டத்தில் ஒரு பள்ளிச் சிறுமி மாதவிடாய்த் தீட்டு என்று வீட்டுக்குப் பக்கத்தில் தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்டாள். தென்னை மரம் அந்தக் குடிசையின் மேல் விழுந்து இறந்துபோனாள். மரத்தைச் சாய்த்தது காற்று. அவளை அந்தக் குடிசைக்கு அனுப்பியது தீட்டு. சேரியைப் பள்ளத்துக்கு அனுப்பியதும் அதே தீட்டுதான்.

காற்று அடங்கிய பின்னர் தொடங்கியது தண்ணீர்ப் பாடு. ஆலங்குடி, கறம்பக்குடி வட்டாரங்களில் குடிநீர் என்பது பல நூறு அடி ஆழத்துக் குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டார் இழுத்துக் கொடுப்பது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்துவிட்டதால் மோட்டார் ஓடவில்லை. வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மின் ஊழியர்கள் வந்து இரவு பகலாக உழைத்தும் உட்கிராமங்களுக்கு வெளிச்சம் வர வாரக் கணக்கானது. அதிகாரிகள் எட்டிப் பார்க்கவில்லை என்று கொத்தமங்கலத்தில் மக்கள் சாலையில் உட்கார்ந்ததும், அரசு வாகனங்கள் எரிந்ததும், பலர் கைதானதும் அந்த நாட்களில்தான். ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஊர்ப் பணம் பிரித்து ஏற்றிய தண்ணீர் ஊர்த் தொட்டிக்கு. சேரித் தொட்டிக்கு யார் பிரிப்பது, கூலியே இல்லாத வாரத்தில்? நிவாரண லாரிகளும் அப்படித்தான். வெளியூரிலிருந்து நல்ல மனதோடு கொண்டுவந்தவர்களின் வண்டிகள் பெரிய சாலையிலேயே மறிக்கப்பட்டு இறக்கப்பட்டன. கடைசியில் உள்ள குடியிருப்புகளுக்குப் போய்ச் சேரவில்லை என்ற புகார் அப்போதே செய்திகளில் வந்தது. கடைசியில் இருக்கும் குடியிருப்பு எது என்று வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இரண்டு தொட்டி எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு வேங்கைவயலை நினைவூட்டலாம். இதே மாவட்டம்தான். 2022 டிசம்பர் 26 அன்று, தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் நோயுற்றார்கள். மறுநாள் விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் டீக்கடையில் இரட்டைக் குவளையையும் கோயில் நுழைவு மறுப்பையும் நேரில் கண்டார்கள். சி.பி.சி.ஐ.டி. இரண்டு ஆண்டுகள் விசாரித்து, 2025 ஜனவரியில், பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இதை ஏன் புயலோடு சேர்த்துப் பேசுகிறோம் என்றால், எந்தக் காற்றும் அடிக்காத, எந்த மழையும் பெய்யாத ஒரு சாதாரண நாளில் தண்ணீர் இப்படிப் பிரிந்திருக்கும் மாவட்டத்தில், பேரிடர் நாளில் மட்டும் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே குடத்தில் பிடித்தார்கள் என்று நம்பச் சொல்கிறார்கள்.

இது புதுக்கோட்டையின் தனிக் குணமுமல்ல. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் பாக் நீரிணையின் மறைவில் இருந்த மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பகுதிகள் ஓரளவு தப்பின, நாகப்பட்டினம் பிணக்காடானது. அந்தப் பிணங்களை அள்ளியவர்கள் வெவ்வேறு நகராட்சிகளிலிருந்து லாரியில் ஏற்றி வரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் அருந்ததியர்கள். அதே நாகப்பட்டினத்தில் தலித்துகள் நிவாரண முகாம்களிலும் பொருள் வழங்கலிலும் ஒதுக்கப்பட்டதைப் பல மனித உரிமை அமைப்புகள் 2005இல் பதிவு செய்தன. மீனவருக்குப் படகுக் கணக்கு இருந்தது. மீன் சுமந்தும் கரையில் கூலிக்கு வலை இழுத்தும் பிழைத்த தலித்துக்குக் கணக்கு இல்லை. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின் சேற்றை அள்ளவும் மற்ற மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் அவர்கள்தான் கொண்டுவரப்பட்டார்கள். நிவாரண வரிசையில் கடைசியில் நிற்பவர் துப்புரவு வரிசையில் முதலில் நிற்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு வந்த 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் 61ஆம் பிரிவு, நிவாரணம் வழங்குவதில் பாலினம், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் எதன் அடிப்படையிலும் பாகுபாடு கூடாது என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் பாகுபாடு நடந்ததா இல்லையா என்று பார்க்க, யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு குடியிருப்பு வாரியாக வேண்டுமே. எந்த மாவட்டத்தின் சேத அறிக்கையிலும் சேரி எத்தனை, ஊர் எத்தனை என்று பிரித்திருக்காது. ‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம், வசையாகிப்போன சொல் அது. பெயர் போகட்டும். அந்தக் குடியிருப்புக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்ற கணக்கும் பெயரோடு சேர்ந்து போய்விடக் கூடாது.

நிவாரண விதிகளில் முதலில் மாற வேண்டியது இழப்பு என்ற சொல்லின் பொருள். மரம் இழந்தவருக்கு மரக் கணக்கு போல, வேலை இழந்தவருக்கு நாள் கணக்கு வேண்டும். தோப்பு மீண்டும் காய்க்க ஐந்து ஆண்டு என்று அரசின் தோட்டக்கலைத் துறைக்கே தெரியும். அந்த ஐந்து ஆண்டுக் கூலி இழப்பு ஏன் தொழிலாளர் துறைக்குத் தெரியவில்லை? வாய்மொழிக் குத்தகைதாரரை அடையாளம் காணும் பொறுப்பை நில உரிமையாளரின் தயவில் விடாமல் கிராம சபை எடுத்துக்கொள்ளலாம். ஒரே கூரையின்கீழ் மூன்று குடும்பம் வாழும் வீட்டுக்கு ஒரே ரேஷன் அட்டை, ஒரே நிவாரணம் என்ற முறைக்கும் முடிவு வேண்டும். அண்ணன் தம்பி தனித்தனியே வீடு கட்ட மனை இல்லாததால்தான் அந்த மூன்று குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறது.

தென்னை விவசாயிகள் சங்கங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. உங்கள் கோரிக்கை மனுவில் மரத்துக்கு எவ்வளவு என்ற வரிக்குக் கீழே மரமேறிக்கு எவ்வளவு என்று இன்னொரு வரி சேர்ப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. நெடுவாசலில் ஊரும் சேரியும் சேர்ந்துதான் உட்கார்ந்தன என்று நாம் மேடைதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் இளந்தோழர்கள் இந்த மழைக்காலத்துக்கு முன்பே செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு போதும். உங்கள் வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கஜா நிவாரணம் பெற்றவர்களின் பட்டியல் குடியிருப்பு வாரியாக. நிராகரிக்கப்பட்ட மனுக்கள், ஒவ்வொன்றுக்கும் சொல்லப்பட்ட காரணம். குடிசைச் சேதம் கணக்கெடுத்த நாள், எடுத்த அலுவலரின் பதவி. ஒவ்வொரு குடியிருப்புக்கும் மின் இணைப்பு திரும்பக் கொடுக்கப்பட்ட தேதி. கடைசியாகக் கேட்டது மின்வாரியத்திடம் இருக்கும் என்று பதில் வரக்கூடும். மனுவை உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் கடமை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பட்டியலை எடுத்துக்கொண்டு சேரியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள். பெயர் இல்லாதவர்கள் கை தூக்கட்டும். அவர்களை எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.